ஆறா, எட்டா, பன்னிரண்டா? கண்ட்ரோல் ரூமுக்கு எந்த ஷிப்ட் சரி

கண்ட்ரோல் ரூமில் முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். வேறொரு ஊரில் நகரப் பேருந்துகளுக்கான கண்ட்ரோல் ரூமை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். கேமரா பார்ப்பது, பஸ்ஸில் யாராவது அபாயப் பொத்தானை அழுத்தினால் கவனிப்பது, டிரைவர்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவது, ரோந்து வண்டியை அனுப்புவது எல்லாம் ஒரே அறையில், இருபத்து நாலு மணி நேரமும். "அண்ணே, எட்டு மணி நேரம் மூணு ஷிப்ட் போடவா, பன்னிரண்டு மணி நேரம் ரெண்டு ஷிப்ட் போடவா? பசங்க பன்னிரண்டுதான் கேக்குறாங்க. ஆபீஸ்லயும் அதுலதான் ஆள் மிச்சம்னு சொல்றாங்க" என்றார். கால் மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

ஆள் மிச்சம் என்கிற பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு 168 மணி நேரமும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்கிறார் என்றால் மூன்றரை ஆள். இது காகிதக் கணக்கு. வார விடுமுறை போக வருடத்துக்கு 313 நாள். அதில் கேஷுவல், ஈட்டிய விடுப்பு, பண்டிகை, காய்ச்சல், பயிற்சி என்று நாற்பத்திரண்டு நாள் கழித்தால் 271 நாள். எட்டால் பெருக்கினால் 2,168 மணி நேரம். வருடத்தின் 8,760 மணி நேரத்தை அதால் வகுத்தால் ஏறக்குறைய நாலு. ஷிப்ட் மாறும்போது பழைய ஆளும் புதிய ஆளும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் 4.3. ஆக ஒரு நாற்காலிக்கு நாலேகால் ஆள்.

இதையே பன்னிரண்டு மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான் என்றால், ஆள் வாரத்துக்கு நாலு நாள்தான் வருவார். நாளுக்கு மூன்று கைமாற்றத்துக்குப் பதில் இரண்டு என்பதால் அரை மணி நேரம் மிச்சம். கணக்கு 4.2-இல் வந்து நிற்கும். நாலேகாலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. பிறகு 'ஆள் மிச்சம்' என்று ஆபீஸில் எதை வைத்துச் சொல்கிறார்கள்? பன்னிரண்டு மணி நேரத்தை வாரத்துக்கு ஆறு நாள் போடுவதை வைத்து. வாரம் 72 மணி நேரம். அப்படிப் போட்டால் காகிதக் கணக்கில் இரண்டரை ஆளுக்குள் நாற்காலி நிரம்பிவிடும். அபார்ட்மெண்ட் வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தை இதுதான். வாசலில் உட்காருபவருக்கே அது நியாயமில்லை; நாற்பது கேமராவும் வயர்லெஸ்ஸும் வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே தம்பிக்கு என் முதல் பதில்: பன்னிரண்டு வேண்டுமானால் தாராளமாகப் போடு, வாரத்துக்கு நாலு நாளோடு சரி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போடு. அதை எழுதிக் கொடுக்கச் சொன்ன அன்றே ஆபீஸ் பக்கம் பாதி ஆர்வம் குறைந்துவிடும்.

பசங்க ஏன் பன்னிரண்டு கேட்கிறார்கள் என்பது வேறு கதை, அதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் இந்த வேலை பார்ப்பவர்கள் அறைக்குப் பக்கத்தில் குடியிருப்பதில்லை. திருவள்ளூர், செங்கல்பட்டு, அரக்கோணம் என்று வாடகை எங்கே கட்டுப்படியாகிறதோ அங்கே. ஒரு நாள் டூட்டிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆறு நாள் வந்தால் பதினெட்டு மணி நேரம் ரயிலில். நாலு நாள் வந்தால் பன்னிரண்டு. மிச்சம் மூன்று நாள் முழுசாகக் கையில். ஊரில் அப்பா அம்மா இருப்பவர், நிலம் வைத்திருப்பவர், டிகிரி எழுதுபவர், எல்லாருக்கும் அது பெரிய விஷயம். எட்டு மணி நேரம்தான் மனிதத்தன்மை, பன்னிரண்டு என்றால் கொடுமை என்று மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது சுலபம்.

ஆனாலும் நான் எட்டு பக்கம்தான். காரணம் ஓய்வு மட்டும் இல்லை, கடிகாரம்.

ஷிப்ட் எப்போது மாறுகிறது என்று பாருங்கள். எட்டு மணி நேரம் என்றால் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. மூன்றுமே நகரம் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். ஆறு மணிக்கு வண்டி ஓட ஆரம்பித்திருக்கும், ஆபீஸ் கூட்டம் வந்திருக்காது. இரண்டு மணிக்கு காலேஜ் விட்டு, ஸ்கூல் விடாத இடைவெளி. பத்து மணிக்குக் கூட்டம் வடிந்திருக்கும், கடைசி வண்டிகள் இன்னும் கிளம்பியிருக்காது. இப்போது பன்னிரண்டு மணி நேரத்தைப் பொருத்துங்கள். ஆறுக்கு ஆறு என்றால் மாலை ஆறு மணி; கிண்டியில் மனிதர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்கிற நேரம். எட்டுக்கு எட்டு என்றால் காலையும் போச்சு, மாலையும் போச்சு. கூட்ட நேரத்தைத் தவிர்த்தே தீருவேன் என்றால் மதியம் இரண்டுக்கு மாற்றி அதிகாலை இரண்டுக்கு மாற்ற வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கு யார் எதில் வீட்டுக்குப் போவது? ஊருக்கே பஸ் ஓட்டுகிற இடத்தில் வேலை செய்பவர் வீட்டுக்குப் போக பஸ் இல்லாமல் அறையிலேயே பெஞ்சில் படுத்திருப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணி நேரத்துக்கும் இதே தொல்லை உண்டு: காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு. மாலை ஆறு கெட்டது, நள்ளிரவு அதைவிடக் கெட்டது. ஆபீஸ் வண்டி விட்டு வீட்டில் இறக்கிவிட முடிந்தால்தான் ஆறு மணி நேர ஷிப்டைப் பற்றிப் பேசவே முடியும்.

அடுத்தது நாலு மணி. இந்த வேலையில் எல்லாருக்கும் தெரிந்த பேய் அது. உடம்பின் சூடு இறங்கி, கண் திறந்திருந்தும் எதுவும் மண்டையில் ஏறாத நேரம் இரவு மூன்றிலிருந்து ஐந்து வரை. ஏசி பதினெட்டில் இருக்கும், ஏனென்றால் சர்வருக்கு அது வேண்டும். மனிதன் மங்கி குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேமராவில் காலிப் பிளாட்பாரம். அரை மணி நேரம் அதையே பார்த்தால் நாய் குறுக்கே போனாலும் தெரியாது. அப்போதுதான் முதல் வண்டிகளுக்கு டெப்போவில் என்ஜினைப் போடுகிறார்கள். தாம்பரம் மார்க்கத்தில் முதல் மின்சார ரயில் நாலு மணியை ஒட்டிக் கிளம்புகிறது. மெட்ரோவில் இரவு தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா, கருவிகள் எதுவும் தடத்தில் கிடக்கிறதா என்று சரிபார்த்து, ஐந்து மணி முதல் ரயிலுக்கு வழி விட வேண்டும். ஒரு நாளில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஒரு மணி நேரமும், மனித மூளை மிக மந்தமாக இருக்கிற ஒரு மணி நேரமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன.

அந்த நாலு மணிக்கு உங்கள் ஆள் எத்தனை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்? மாலை ஆறுக்கு வந்த பன்னிரண்டு மணி நேரக்காரர் பத்து மணி நேரத்தை முடித்திருப்பார். பத்து மணிக்கு வந்த எட்டு மணி நேரக்காரர் ஆறு. நள்ளிரவு வந்தவர் நாலு. எனக்கு இந்த மூன்று எண்ணைத் தவிர வேறு ஒப்பீட்டு அட்டவணை தேவைப்பட்டதில்லை.

இந்திய ரயில்வே இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1989 ரயில்வே சட்டத்திலேயே வேலையை அதன் அழுத்தத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். விட்டு விட்டு வருகிற வேலைக்கு வாரம் 75 மணி நேரம் வரை, தொடர்ச்சியான வேலைக்குச் சராசரி 54, கடும் அழுத்தமுள்ள வேலைக்குச் சராசரி 45. ரயில்களை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்துகிற செக்‌ஷன் கண்ட்ரோலர் கடைசி வகை. அவருக்கு ஆறு மணி நேர ஷிப்ட். கேட் கீப்பருக்கும் கண்ட்ரோலருக்கும் ஒரே ரோஸ்டர் இல்லை. 75 மணி நேரம் நியாயமா என்று கேட்டால் எனக்கும் உடன்பாடு இல்லை. நாற்காலிக்கு நாற்காலி வேலை வேறு என்று ஒப்புக்கொண்ட விதம்தான் பிடித்திருக்கிறது.

அதனால்தான் தம்பிக்கு இரண்டாவதாகச் சொன்னது: அறை முழுக்க ஒரே ஷிப்ட் என்று பிடிவாதம் பிடிக்காதே. வயர்லெஸ்ஸில் உட்காருபவரின் வேலை வேறு, கேமரா பார்ப்பவரின் வேலை வேறு, போன் எடுப்பவரின் வேலை வேறு. வயர்லெஸ்காரர் ஒரு மணி நேரத்தில் பத்து முடிவு எடுக்கிறார். அவருக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் கொண்டாடலாம். ஆனால் ஆறு மணி நேரம் என்றால், அதே விடுப்புக் கணக்கில், கைமாற்றமும் சேர்த்து, ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய ஆறு பேர் வேண்டும். எந்த ஆபீஸும் லேசில் தராது. தராவிட்டால் வழி இருக்கிறது: எட்டு மணி நேர ஷிப்டுக்குள்ளேயே இரண்டு மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுவது. வயர்லெஸ், கேமரா, போன், மறுபடி வயர்லெஸ். எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் பயிற்சிச் செலவு வரும், சிலர் "நான் சீனியர், போன் எடுக்க மாட்டேன்" என்பார்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் அப்புறம் அவர்களே விட மாட்டார்கள்.

ஆள் வராத நாளையும் ஒப்பிட வேண்டும். ரிலீவர் வரவில்லை என்றால் எட்டு மணி நேரத்தில் இருப்பவரை இன்னொரு நாலு மணி நேரம் நிறுத்தி, அடுத்தவரை நாலு மணி நேரம் முன்னால் வரச் சொல்லலாம். ஆளுக்குப் பன்னிரண்டில் முடியும். பன்னிரண்டில் ஏற்கெனவே இருப்பவரை எங்கே நிறுத்துவது? பதினாறா? பதினெட்டா? எட்டு மணி நேர முறையில் அவசரத்துக்குப் போகிற உச்சம்தான் பன்னிரண்டு மணி நேர முறையில் தினசரி. தீபாவளி வாரத்தில் இது உறைக்கும். பாதிப் பேர் ஊருக்குப் போக லீவு கேட்பார்கள், அதே வாரத்தில்தான் கிளாம்பாக்கத்திலும் கோயம்பேட்டிலும் கால் வைக்க இடம் இருக்காது.

கைமாற்றம் குறைவு என்பதுதான் பன்னிரண்டின் ஒரே பலமான வாதம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஒருவர் தலையில் இருக்கிற விஷயம் இன்னொருவர் தலைக்குப் போகும்போது ஒழுகிவிடும். மூன்று முறை மாற்றினால் மூன்று முறை ஒழுகும். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் பத்து மணி ஷிப்ட் மாற்றம். போகிறவருக்கு 10.20 ரயிலைப் பிடிக்க வேண்டும். சார்ஜ் புத்தகத்தில் "கேமரா 14, 15 படம் இல்லை, சர்வீஸுக்குச் சொல்லியாச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்தவரும் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அந்தத் திரைகளில் கறுப்புக்குப் பதிலாக நின்றுபோன பழைய படம் தெரிந்துகொண்டிருந்தது, காலியான நடைமேடை. பதினொன்றரைக்கு அங்கே இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் திரையில் காலி நடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர் போன் செய்த பிறகுதான் தெரியும். நல்லவேளை, ஒருவருக்கு உதடு கிழிந்ததோடு போயிற்று. மறுநாள் விசாரணையில் புத்தகத்தில் எல்லாம் சரியாக எழுதியிருந்தது.

அதிலிருந்து புத்தகத்தை நம்புவதை விட்டேன். வந்தவர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: எது வேலை செய்யவில்லை, எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து பதில் வர வேண்டியிருக்கிறது, எந்த ரோந்து வெளியே இருக்கிறது. நாலே கேள்வி. கடிகாரத்தில் மணி ஓடுவதை ஒரு கேமராவிலாவது கைவைத்துக் காட்ட வேண்டும், படம் உயிரோடு இருக்கிறதா என்று. இதற்குப் பத்து நிமிடம். மிச்சம் இருபது நிமிடம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே போதும், ஏதாவது ஒன்று ஞாபகம் வரும். அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காமல் "கொஞ்சம் முன்னாடி வாங்கப்பா" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. எட்டு மணி நேர முறையை எடுத்துக்கொண்டு இந்த அரை மணியைக் கொடுக்காமல் விடுவதைவிட, நாலு நாள் பன்னிரண்டு மணி நேரமே மேல் என்பேன்.

சுழற்சியைப் பற்றி நீட்ட வேண்டாம். வாரம் முழுக்கக் காலை, அடுத்த வாரம் மதியம், அடுத்த வாரம் இரவு என்பதுதான் நம் ஊர் வழக்கம். உடம்பு இரவுக்குப் பழகுகிற நேரத்தில் வாரம் முடிந்துவிடும். இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு, இரண்டு நாள் லீவு என்று எட்டு நாள் சக்கரம் ஓட்டலாம். நாலு அணி இருந்தால் சராசரி வாரம் 42 மணி நேரத்தில் கச்சிதமாக அமரும். ஆனால் விடுமுறை ஒவ்வொரு வாரமும் நகர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வீட்டில் இல்லாத மனிதனை எந்த வீடும் மன்னிப்பதில்லை. எதை எடுத்தாலும் திசை மட்டும் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். இரவு முடித்தவரை அடுத்து மதியத்துக்கும், மதியம் முடித்தவரை மறுநாள் காலைக்கும் போடுகிற தலைகீழ் சுழற்சியில் பத்து மணிக்குப் போனவர் ஆறு மணிக்குத் திரும்பி வர வேண்டும்.

நிரந்தர இரவு டூட்டி கேட்டு வருபவர்களும் உண்டு. இரவுப் படியும் கிடைக்கும், தொல்லையும் இல்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் பகலில் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். என்னிடம் இருந்த ஒருவர் தொடர்ந்து எட்டு மாதம் இரவு பார்த்தார், ஒரு புகார் கிடையாது. பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் அறையில்தான் தூங்கியிருக்கிறார், கண்ணைத் திறந்துகொண்டே.

இனி, அந்த நாற்காலியில் யார்? நிறுவனத்தின் சொந்த ஆளா, போலீஸா, ஒப்பந்த ஏஜென்சியா? டில்லி மெட்ரோ 2007-இல் பாதுகாப்பை டில்லி போலீஸிடமிருந்து மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு மாற்றியது. நியூயார்க் 1995-இல் தனியாக இருந்த போக்குவரத்துப் போலீஸை நகரப் போலீஸோடு இணைத்தது. சிங்கப்பூரில் நாட்டின் போலீஸுக்குள்ளேயே பொதுப் போக்குவரத்துக்கென்று தனிப் பிரிவு 2009-இல் வந்தது. பிரிட்டனில் ரயிலுக்கென்றே தனிப் போலீஸ் படை. நாலு ஊர், நாலு விதம். ஆக, யாருடைய சீருடை என்பதில் ஒரே சரியான விடை இல்லை. எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. வழக்கு முதலில் ரயில்வே போலீஸிடம் இருந்து, சில நாளில் நகரப் போலீஸுக்குப் போனது. ரயில்வேயில் பாதுகாப்புக்கு 182, மற்றதுக்கு 139 என்று தனித்தனி எண்கள் இருந்து, 2021-இல்தான் எல்லாம் 139-க்குள் வந்தது. பயத்தில் இருப்பவருக்கு இது ரயில்வே எல்லையா ரோடா என்று யோசிக்க நேரம் இருக்காது.

என் விருப்பம்: ரயிலையும் பஸ்ஸையும் நிறுத்துகிற முடிவு சொந்த ஆளிடம், கைது செய்கிற முடிவு போலீஸிடம், இருவரும் ஒரே அறையில், கைநீட்டினால் தோளைத் தட்டுகிற தூரத்தில். ஏஜென்சி ஆள் வாசலில் இருக்கட்டும், கன்சோலில் வேண்டாம். ஏஜென்சிக்காரர்கள் திறமையில்லாதவர்கள் என்பதால் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறிவிடுவார், அவ்வளவுதான். எந்த டெப்போ கேட்டில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆகும்.

ஏன் ஒரே அறை என்று கேட்பவர்களுக்கு மூன்று ஊர். தென்கொரியாவின் டேகு, 2003 பிப்ரவரி 18: ஒருவன் ஓடும் சுரங்க ரயிலில் தீ வைத்தான். எரிகிற ரயில் நிற்கும் நிலையத்துக்குள் எதிர்த்திசை ரயிலைக் கவனமாகப் போகச் சொல்லி கண்ட்ரோல் ரூம் அனுமதித்தது. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். லண்டன், 2005 ஜூலை 7: காலை 8.50 அளவில் மூன்று சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தது; ஆரம்பத்தில் அது மின்சாரக் கோளாறு என்றுதான் பேசப்பட்டது. வாஷிங்டன், 2015 ஜனவரி 12: சுரங்கத்தில் புகை சூழ நின்ற ரயிலை நோக்கியே புகையை இழுக்கும்படி மின்விசிறிகளை இயக்கினார்கள், ஒரு பெண் இறந்தார். ஐந்து வருடம் கழித்து 2020-இல் அந்த மெட்ரோவின் கண்ட்ரோல் ரூமைத் தணிக்கை செய்தபோதும் ஆள் பற்றாக்குறை, மேலதிகாரிகளின் மிரட்டல், அவசர நேரத்தில் ஒரே களேபரம் என்றுதான் வந்தது. கருவி மட்டும் இருந்தால் போதாது. ஒரு மேஜைக்குத் தெரிந்தது பக்கத்து மேஜைக்குப் போகவில்லை, போனபோது அர்த்தம் புரியவில்லை.

சென்னையில் 2022 மே மாதம் மாநகரப் பேருந்துகளில், பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் கேமராவும் அபாயப் பொத்தானும் கொண்டுவரத் தொடங்கினார்கள். இலக்கு 2,500 பேருந்துகள். இது மாதிரி ஏற்பாடு வருகிற எல்லா ஊரிலும் முதல் மூன்று மாதம் பொத்தான் சும்மாவே அழுந்திக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளை அழுத்தும், கம்பி என்று நினைத்துப் பெரியவர் பிடிப்பார், ஸ்டாப்பிங் பெல் என்று நினைத்து ஒருவர் அழுத்துவார். பத்து பொய் அழைப்புக்கு அப்புறம் பதினோராவதை எடுக்கிற குரலில் ஒரு சலிப்பு வரும். ஷிப்ட் நேரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எட்டாவது மணி நேரத்தில் கேட்கிற பதினோராவது பொய் அழைப்பும், பதினோராவது மணி நேரத்தில் கேட்கிறதும் ஒன்றில்லை. சூப்பர்வைசர் கேட்க வேண்டியது அந்தக் குரலைத்தான்.

அதனால் கடைசி ஒப்பீடு: சூப்பர்வைசருக்கும் ஒரு நாற்காலி கொடுப்பதா, சும்மா நிற்க விடுவதா? ஆபீஸில் எல்லாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். "சும்மாதானே சுத்துறார், ஒரு கன்சோலைப் பார்க்கட்டுமே." நானும் ஒரு காலத்தில் சரி என்றவன். ஒரு மழை இரவு, ஆள் குறைவு, நானே வயர்லெஸ்ஸில் உட்கார்ந்தேன். ஒரு பஸ்ஸில் பயணிக்கு வலிப்பு, 108-உடன் பேசிக்கொண்டே டிரைவரிடம் எங்கே ஓரம் கட்டுவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதே நேரம் இன்னொரு டிரைவர் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுகிறது, போகவா நிற்கவா என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறை கேட்டிருக்கிறார். கேமரா மேஜையில் இருந்த பையனுக்கு அது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் சூப்பர்வைசரே லைனில் இருக்கும்போது நாம் எப்படி என்று சும்மா இருந்துவிட்டான். டிரைவர் தானாகவே நிறுத்திவிட்டார், கும்பிட வேண்டும் அவரை. அன்றிலிருந்து ரோஸ்டரில் என் பெயரை ஆள் கணக்கில் சேர்க்க விட்டதில்லை. நாற்காலிக்கு ஆள் இல்லை என்றால் நாற்காலி காலி என்று மேலே எழுதுவேன். நான் போய் உட்கார்ந்து அந்தக் குறையை மறைக்க மாட்டேன்.

இவ்வளவும் பெரிய அறைக்கு. தம்பியின் ஊரில் மொத்தம் ஒன்பது பேர்தான் கொடுத்திருக்கிறார்களாம், அவரையும் சேர்த்து. நாலேகால் கணக்குப்படி அவரைக் கழித்த எட்டுப் பேருக்கு இரண்டு நாற்காலிகூட முழுசாக வராது. அப்படியானால் அவர் முன்னால் இருப்பது ஆறா எட்டா பன்னிரண்டா இல்லை. இரவை வைத்திருப்பதா விடுவதா. இரவு பத்திலிருந்து நாலு வரை ஓடுவது ஏழெட்டு வண்டி என்றால், அந்த நேர அழைப்பை மாவட்டப் போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குத் திருப்பிவிட்டு, பகலில் இரண்டு இரண்டு பேராக உருப்படியாக உட்கார வைப்பதே நல்லது. ஒரே ஒருவரை இரவு முழுக்கத் தனியாக உட்கார வைத்துவிட்டு 24 மணி நேர சேவை என்று வாசலில் போர்டு மாட்டுவதை மட்டும் செய்யாதே என்றேன். அவர் பாத்ரூம் போக எழுந்தால் எடுக்க ஆள் கிடையாது.

"போர்டு ஏற்கெனவே மாட்டிட்டாங்கண்ணே" என்றார் தம்பி.

சரி, அப்படியானால் போலீஸ் கண்ட்ரோல் ரூமில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று விசாரி, நானும் ஒருநாள் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.